எத்தனை பேப்பர் நிக்குது என்று கேள், மக்களே

மார்த்தாண்டம்

மக்களே,

நீ அனுப்பிய நீளமான செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்தே படித்தோம். கோயம்புத்தூரில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்து முதல் ரிசல்ட் வந்திருக்கிறது, உன் பாடத்தில் நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். அதைவிட, ஸ்டாஃப் ரூமில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய பேச்சுதான் மனசில் உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி. பையன்கள் தங்களுக்குள் கப்பு என்கிறார்கள், கோட் என்கிறார்கள், பாதி பிடிபடவில்லை, டுட்டோரியலில் இருந்த அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டிருந்தாய்.

தெரியும். நீ ஒரு பாடத்திலும் விழாமல் படித்து வந்தவள். விழுந்தவர்கள் தங்களுக்குள் பேசுகிற பேச்சு உன் காதில் படாமலே போயிருக்கும். டுட்டோரியலில் எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கணக்கிலோ இங்கிலீஷிலோ விழுந்து வந்தவர்கள். விடியற்காலையில் ரப்பர் வெட்டிப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த பையன்கள், இனயம், குளச்சல் பக்கத்திலிருந்து கடல் தொழிலுக்கு நடுவே வந்தவர்கள், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த பெண்கள். அவர்களிடம் கேட்டதைத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

நம் ஊர்ப் பேச்சிலிருந்தே தொடங்கலாம். இங்கே பெயில் என்பதைவிட ‘தோத்துப்போனான்’ என்பதுதான் பழைய வழக்கு. பாஸானால் ‘ஜெயிச்சான்’. “பத்து ஜெயிச்சாச்சா?” என்று உன் பாட்டி தெருவில் போகிற பிள்ளைகளை எல்லாம் நிறுத்திக் கேட்பாள். மதுரைப் பக்கம் ஒருவரிடம் இப்படிக் கேட்டால் எந்தப் போட்டி என்று திருப்பிக் கேட்பார். மலையாளத்தில் பரீட்சைக்கு இன்றைக்கும் ஜயிச்சு, தோற்று என்றுதான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் கன்னியாகுமரிக்காரர்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே, அந்தப் பேச்சு இங்கே நிலைத்துவிட்டது. இப்போது திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் ‘பொட்டி’, ‘சப்ளி’ என்று வேறு இரண்டைக் கொண்டுவருகிறார்கள். பொட்டி என்றால் வெடித்துப் போயிற்று. சப்ளி என்றால் சப்ளிமென்டரி பரீட்சை. ஆந்திராக்காரர்களுக்கும் சப்ளிதான். வடக்கே ‘பேக்’. மும்பையில் ‘கே.டி.’ அது முதலில் ஒரு விதியின் பெயர். விழுந்த பாடத்தை வைத்துக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்பது விதி. போகப்போக விழுந்த பாடத்துக்கே அது பெயராகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் நம் ஊர்ச் சொல்தான்: ‘கிட்டல.’ “இங்கிலீசு ஜெயிச்சாச்சு சாரே, கணக்கு மட்டும் கிட்டல.” புதிதாகச் சேர வருகிற பையன் வாசலில் நின்று இப்படித்தான் சொல்வான். கை நீட்டியும் அகப்படவில்லை, அவ்வளவுதான். இதில் யாரையும் குறை சொல்வது இல்லை, நாளைக்குக் கிட்டாது என்பதும் இல்லை. இந்தச் சொல்லை வைத்துப் பேசுகிற பிள்ளைக்குப் பாடம் நடத்துவது எளிது.

இன்னொரு பேச்சு இப்போது வழக்கில் இல்லை. ‘நம்பர் வரல.’ ரிசல்ட்டைப் பத்திரிகையில் பார்த்த காலம் அது. பாஸானவர்களின் பதிவெண்களை மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் போடுவார்கள். குழித்துறையில் ஒரு பெட்டிக்கடை வாசலில் நான் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு தாளுக்கு மேல் நாலு தலைகள். ஒரு பையன் பத்தியின் உச்சியில் விரலை வைத்துக் கீழே இழுக்கிறான். அவன் எண்ணுக்கு முந்தின எண் இருக்கிறது, பிந்தின எண்ணும் இருக்கிறது. விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திரும்ப மேலே போய் இன்னொரு தடவை இறங்குகிறது. அப்புறம் பக்கத்துப் பத்தி, அதற்கு அடுத்த பத்தி, இடம் மாறி அச்சாகியிருக்குமோ என்று. கடைசியில் தாளை மடிப்பு மாறாமல் மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தான். “என்னலே ஆச்சு?” என்று யாரோ கேட்டதற்கு, “நம்பர் வரல” என்றான். பெயில் என்ற வார்த்தை அவன் வாயிலும் வரவில்லை, கேட்டவர் வாயிலும் வரவில்லை.

மாதத்தின் பெயரை வைத்துச் சொல்வதும் உண்டு. “மகன் என்ன செய்றான்?” என்றால் “அக்டோபர் எழுதுறான்” என்பார்கள். மார்ச்சில் விழுந்தவர்கள் செப்டம்பர், அக்டோபரில் எழுதிய காலத்துப் பேச்சு. இப்போது துணைத் தேர்வு ஜூன், ஜூலையிலேயே வந்துவிடுகிறது, பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகாமல் போகிறது, நல்ல ஏற்பாடு. ‘பிரைவேட்டா எழுதுறான்’, ‘டுட்டோரியல் போறான்’ எல்லாம் இதே வகை. மானம் காக்கிற வார்த்தைகள். இவற்றைச் சொல்கிற தாய் தகப்பனிடம் மேற்கொண்டு துருவிக் கேட்கக் கூடாது.

அரசாங்கக் காகிதத்திலும் வேலை விளம்பரத்திலும் ‘பத்தாம் வகுப்பு தவறியவர்’ என்று இருக்கும். வேலையில்லாதோருக்கு மாதக் கணக்கில் கொடுக்கிற உதவித்தொகையில்கூட அவருக்கு ஒரு தனி வரி: தவறியவருக்கு 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. நம் வீடுகளில் ஒருவர் இறந்துபோனாலும் ‘தவறிட்டாரு’ என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குப் போடுவதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. விண்ணப்பம் பூர்த்தி செய்ய என்னிடம் வருகிறவர்களிடம் ‘பத்தாம் வகுப்பு வரை’ என்று எழுத இடமிருந்தால் அப்படி எழுதச் சொல்வேன்.

கல்ஃப் கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸாகாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று விழுந்துவிடும். சவூதி, ஓமன், கத்தார் போன்ற நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதானால் முதலில் குடிபெயர்வு அலுவலக அனுமதி வாங்க வேண்டும். பத்து பாஸ் என்றால் அது இல்லை. இதற்காகவே மீசை நரைக்கத் தொடங்கிய ஆட்கள் டுட்டோரியலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். லீவில் வந்த கொத்தனார் ஒருவர் அல்ஜிப்ராவை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்தார். எத்தனையாவது அட்டெம்ப்ட் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் என்னிடம் தோத்தேன் என்று சொன்னதில்லை. “சாரே, கணக்கு ஒண்ணு நிக்குவு” என்றார். அந்த ஒன்றை முடித்துக்கொண்டு போனார்.

சரி, நீ கேட்ட கல்லூரிப் பேச்சுக்கு வருகிறேன்.

அரியர் என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். பாக்கி என்று அர்த்தம். வீட்டில் அப்பாவுக்கு டி.ஏ. அரியர் வந்தால் இறைச்சி வாங்குவார்கள், மகனுக்கு அரியர் வந்தால் சாப்பாடே இறங்காது. ஆனால் இரண்டும் ஒரே சொல்தான், இரண்டும் தீர்க்கக்கூடிய கணக்குத்தான். அரியர் விழும், நிற்கும், ஏறும். அதை எழுதலாம், கிளியர் பண்ணலாம். எல்லாம் முடிந்தால் ‘ஆல் கிளியர்’. வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் வரும்போது ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருக்கக் கூடாது என்பார்கள், அதாவது அன்றைக்கு நிலுவையில் எதுவும் இருக்கக் கூடாது. சில கம்பெனிகள் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ கூட வேண்டாம் என்கின்றன. அடைத்த கடனையும் எண்ணிப் பார்க்கிற வழக்கம் அது, எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. உன் மாணவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாம் வருஷமே சொல்லிவிடு. கடைசி வருஷத்தில் தெரிந்துகொண்டு தலையில் கை வைப்பவர்கள் நிறைய.

கப்பு என்றாலும் அரியர்தான். விளையாட்டில் கோப்பை வாங்குகிற மாதிரி ‘கப்பு வாங்கிட்டேன்’ என்பது. “எத்தன கப்பு மச்சி?” என்றால் எத்தனை பாடம் போயிற்று என்று கேள்வி. கோட் அடிப்பது அதைவிடப் பழையது, உன் சித்தப்பா காலத்திலேயே உண்டு, பரீட்சையில் பெயிலாவது. கோட்டை விடுவது கிட்டத்தட்ட அதே, ஆனால் கைக்கு வந்ததை நழுவவிட்ட வருத்தம் கொஞ்சம் சேர்ந்திருக்கும்: “ஈஸி பேப்பர், கோட்டை விட்டுட்டேன்.” முட்டை, குண்டு இரண்டும் பூஜ்யம். ஊத்திக்கிச்சு, புட்டுக்கிச்சு என்றால் பரீட்சையே கையை விட்டுப் போயிற்று. ஆப்பு என்பது வேறு. திருத்தியவரோ கேள்வித்தாள் எடுத்தவரோ வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. ஒரு வகுப்பு முழுக்க “ஆப்பு வச்சுட்டாங்க” என்று சொன்னால் நீ கேள்வித்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும், உண்மை இருக்கலாம். ஒப்பேத்துவது, பார்டரில் பாஸ், கரையேறுவது எல்லாம் தப்பித்தவர்களின் சொற்கள்.

மார்க் ஷீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் விழுந்த பாடத்துக்கு ஆர்.ஏ. என்று போட்டார்கள். மறுபடி எழுத வேண்டும் என்றுதான் பொருள். 2021 ஒழுங்குமுறையில் யூ. வருகைப்பதிவு குறைந்தவனுக்கு எஸ்.ஏ. என்று தனியாகவே உண்டு. இவற்றில் எதுவும் பிள்ளையின் புத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பாடம் அந்தப் பருவத்தில் முடியவில்லை என்று மட்டும் சொல்கின்றன. பல்கலைக்கழகம் அளந்து பேசும்போது நாம் ஏன் அளவு மீற வேண்டும்?

பையன்கள் கப்பு, முட்டை என்று சிரித்துக்கொண்டு பேசுவதை நீ தடுக்காதே. அது அவர்கள் பேச்சு. பத்துப் பேர் சேர்ந்து கப்பு என்று சொல்லும்போது ஒருவன் மட்டும் தனியாக நிற்க வேண்டியதில்லை, அந்த வார்த்தைக்கு அந்த வேலை இருக்கிறது. அதே வார்த்தையை வாத்தியார் சொன்னால் அது வேறு வார்த்தை. “என்னப்பா, இந்தத் தடவையும் கப்புதானா?” என்று மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால், வகுப்பு சிரிக்கும், அவனும் சிரிப்பான், மறுநாளிலிருந்து உன் பாடத்துக்கு வரமாட்டான். நீ அரியர் என்று சொல், பேப்பர் என்று சொல், மறுபடி எழுதுவது என்று சொல். அது போதும்.

ஸ்டாஃப் ரூம் பேச்சு என்று நீ எழுதியது இதைவிட மோசமானது. மக்கு, மண்டு, மரமண்டை, தத்தி. நம் பக்கத்தில் மண்டன் என்பார்கள். நடந்தது ஒரு பரீட்சை, அதை ஆளுக்குப் பெயராக வைத்துவிடுகிறார்கள். தோத்தான் என்பதில் ஒரு நாள் இருக்கிறது, அந்த நாள் முடிந்துவிடும். தோத்தவன் என்று சொன்ன பிறகு அது கல்யாண வீட்டிலும் கூடவே வரும். பத்தில் விழுந்தவனை அவன் பிள்ளைகள் பத்து எழுதுகிற காலத்திலும் அப்படியே அடையாளம் சொல்கிற ஆட்களை இந்தத் தெருவிலேயே காட்டுவேன்.

எல்லாவற்றிலும் நான் பயப்படுவது ‘படிப்பு ஏறாது’ என்பதற்குத்தான். ‘ஏறல’ என்று சொல்லட்டும், அது நேற்றைய செய்தி. ‘ஏறாது’ என்றால் நாளையையும் சேர்த்துப் பூட்டியாயிற்று. சேர்க்க வருகிற தகப்பன்மார் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார்கள், “இவனுக்குப் படிப்பு ஏறாது சாரே, சும்மா கொஞ்சம் பாருங்க.” நான் உடனே “எந்தப் பாடம் ஏறல?” என்று திருப்பிக் கேட்பேன். கணக்கு என்பார். கணக்கில் எது? அவருக்குத் தெரியாது, பையனுக்குத் தெரியும். பின்னம் என்பான், இல்லாவிட்டால் வடிவியல் என்பான். அங்கிருந்து தொடங்கலாம். பத்தாம் வகுப்புக்கு 35 மார்க் வேண்டும், பின்னமும் அளவியலும் வரைபடமும் கையில் வந்தாலே பாதித் தூரம் வந்துவிடுவான். ஏறாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆறாம் வகுப்பிலேயே ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும், அதன் மேலே நாலு வருஷம் அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள்.

உங்கள் கல்லூரியிலும் ‘ஸ்லோ லேர்னர்’ என்று பட்டியல் கேட்பார்கள், கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வரும்போது ஃபைலில் அது வேண்டும். எழுதிக் கொடு, அது வேலை. ஆனால் அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டவிடாதே, வகுப்பில் வாசிக்கவும் செய்யாதே. பெயருக்கு எதிரே எந்தப் பாடத்தின் எந்த யூனிட் என்று உன் நோட்டில் தனியாகக் குறித்து வை. உனக்குப் பயன்படப் போவது அதுதான்.

கொரோனா பேட்ச் என்று ஒரு சொல் இருப்பதையும் கவனித்திருப்பாய். 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை, எல்லாரும் தேர்ச்சி. 2021-ல் பிளஸ் டூவும் அப்படியே, பழைய மார்க்குகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் கல்லூரி அரியர் பாடங்களும், கடைசிப் பருவம் தவிர, தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. உயர்கல்வியைக் கண்காணிக்கிற மத்திய அமைப்புகளான யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதெல்லாம் பெரியவர்கள் எடுத்த முடிவு. பாஸான பிள்ளையையே பெயிலானவன் மாதிரி ‘ஆல் பாஸ் கேஸ்’ என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்? பாடத்தை செல்போன் திரையில் படித்த பிள்ளைகள் அவர்கள். வீட்டில் போனே இல்லாமல் படித்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் முன்னால் அந்தச் சொல் உன் வாயில் வரக் கூடாது.

இனி நீ கடைசியில் எழுதியிருந்த பையன். ஆறு பாடம் நிற்கிறது, ரிசல்ட் வந்ததிலிருந்து வகுப்புக்கு வரவில்லை, நண்பர்களிடமும் பேசுவதில்லை என்றாய். கப்பு என்று சிரிக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பயமில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறவனைப் பற்றித்தான் கவலை. இன்றைக்கே அவனுக்கு போன் போடு. எடுக்காவிட்டால் அவனோடு அறையில் தங்கியிருக்கிற பையனைப் பிடி. வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் அவனோடு ஒரு தடவை பேசிவிடு. ஏன் பெயிலானாய் என்று கேட்காதே, எல்லாரும் அதைக் கேட்டிருப்பார்கள். எத்தனை பேப்பர் நிக்குது, அதில் எது நெருங்கி வந்து போயிற்று என்று கேள். பேச்சில் உயிரை வெறுத்த சாயல் ஏதாவது தெரிந்தால் தனியாக விடாதே, யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல், 104-ஐக் கூப்பிட்டால் ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணை அவனிடமும் கொடு. அந்த நேரத்தில் வீட்டாரிடம் சொல்லாமல் இருப்பதும் கூடாது.

பேசினான் என்றால் அடுத்த வேலை காகிதத்தில். பாஸ் மார்க்குக்கு ரொம்பக் கிட்டே வந்து நின்ற பாடம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் மறுமதிப்பீடு. நகலை நீயே உட்கார்ந்து அவனோடு பார். ஆறையும் ஒரே பருவத்தில் எழுதவிடாதே, நடப்புப் பாடங்களும் இருக்கிறதே, முதலில் மூன்று போதும். அதில் ஒன்று உன் பாடமாக இருக்கட்டும். அம்மா சக்கை வற்றலும் நேந்திரங்காய் சிப்ஸும் பார்சல் அனுப்புகிறாள், வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்து என்று சொல்லச் சொன்னாள்.

நகலுக்கும் மறுதேர்வுக்கும் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்று நாளைக்கே ஆபீசில் கேட்டு எனக்குச் சொல். அவன் வீட்டில் பணத்துக்கு முட்டுப்பாடு என்று நீ எழுதியிருந்தாய். மூன்று பேப்பருக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொன்னால் நான் உன் கணக்கில் போட்டுவிடுகிறேன், கட்டியது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அப்பா